சொல்லிப் போட்ட டூப்ளிகேட்

"அதுல எழுதியிருக்கிறது உண்மைதான் மேடம். அதனாலதான் கையெழுத்து போட மாட்டேன்" என்றாள் வந்தவள்.

அண்ணி தன் கணவரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நிற்கவில்லை. "உட்காருங்க. உண்மையா இருந்தா போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"போட்டா அது பொய்யாயிடும்."

நாத்தனார் தன் நாற்காலியைச் சட்டென்று முன்னால் இழுத்துக்கொண்டாள். இப்படி ஒரு பதில் வாசலேறி வராதா என்று ஏங்குகிறவள் அவள்.

அண்ணி பல வருடங்கள் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்து வண்டிகளைச் சோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகும், நியாயம் கிடைக்காதவர்கள் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். நாத்தனார் அவரை 'அண்ணி' என்று கூப்பிட, அவளிடம் வண்டி ஓட்டக் கற்றவர்களும் அப்படியே கூப்பிட, கடைசியில் ஊருக்கே அவர் அண்ணியாகிவிட்டார். நாத்தனாருக்கு ஓட்டுநர் பள்ளியில் வேலை. எதிரே லாரி வந்தாலும் நிதானமாகக் 'கிளச்ச மிதி' என்பவள், துப்பு என்று வந்துவிட்டால் மட்டும் பிரேக் இல்லாத வண்டி.

வந்தவளின் விரல் நகங்களில் கழுவிப் போகாத கறுப்பு இருந்தது. கார் பட்டறை வைத்திருக்கிறாள். ஜாக்கி என்றால்தான் ஊருக்கு அவளைத் தெரியும்.

"முதியோர் இல்லத்து வேனுக்கு முன் சக்கரம் ரெண்டுலயும் பிரேக் பேடு மாத்தினேன்" என்று தொடங்கினாள். "அடுத்த வாரமே ஆஸ்பத்திரி இறக்கத்துல பிரேக் பிடிக்கல. உள்ள இருந்த பெரியவங்களுக்கு அடிபடக் கூடாதுன்னு டிரைவர் அண்ணன் வண்டியைத் தன் பக்கமா திருப்பி மதில்ல விட்டுட்டாரு. பெரியவங்களுக்கு ஒண்ணுமில்ல. அவருக்குத்தான் கால் உடைஞ்சு போச்சு. காப்பீட்டுக்காரங்க வந்து அந்தப் பக்கச் சக்கரத்தைத் திறந்து பாத்துட்டு, பேடு டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லத்துச் செயலாளர் என்னை நிர்வாகக் குழு முன்னாடி, பெரியவங்க எல்லாரும் பாக்க நிக்க வச்சு, என்ன போட்டேன்னு கேட்டாரு. டூப்ளிகேட்தான் போட்டேன், டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லித்தான் போட்டேன்னு சொன்னேன். அவ்வளவுதான். மீதிய யாரும் கேக்கல." அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். "'வண்டிக்கு டூப்ளிகேட் பிரேக் பேடு பொருத்தினேன்'னு எழுதி வச்சுக்கிட்டு கையெழுத்து கேக்கறாங்க. போட்டுட்டுப் பட்டறைய மூடிட்டுப் போயிடணுமாம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். இல்லேன்னா போலீஸ்."

"போலீஸ்னா பயமில்லையா?" என்றாள் நாத்தனார்.

"இருக்கு. பயந்துக்கிட்டே போட மாட்டேன்."

அண்ணி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். நூலைக் கடித்து அறுத்தார்.

"சக்கரத்துல கிடைச்ச பேடை நீங்க பாத்தீங்களா?"

"எங்க? அதுக்கப்புறம் என்னைக் கேட்டுக்குள்ளயே விடல."

"நீங்க போட்டது எப்படி இருக்கும்?"

"பச்சைப் பெட்டியில வரும். செஞ்ச கம்பெனி பேரு இரும்புத் தகட்டு முதுகுலயே குத்தியிருக்கும். பெட்டியோட டிரைவர் அண்ணன்கிட்ட காட்டினேன். கார் கம்பெனி சாமான் கிடைக்க மாசக்கணக்காகும், வண்டி ஆஸ்பத்திரிக்குப் போயாகணும், இது நல்ல சாமான், நான் கியாரண்டின்னு சொன்னேன். சரின்னாரு. கழட்டின பழசையும் அவர் கையிலயே குடுத்தேன்."

"வேலை முடிஞ்சதும் அடையாளம் எதுவும் வைப்பீங்களா?"

"நாலு சக்கரத்து நட்டையும் முறுக்கிப் பாத்துட்டு, நட்டுலேருந்து சக்கரத்து மேல வரைக்கும் ஒரு கோடு இழுத்துடுவேன். மஞ்ச நகப்பூச்சு. நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு உடைஞ்சு தெரியும். ஓட்டுறவங்க டீ குடிக்க நிறுத்தும்போது குனிஞ்சு பாத்துக்கலாம்ல."

"மஞ்ச நகப்பூச்சுகூட விக்குதா?" என்றாள் நாத்தனார்.

"விக்காமத்தான் கடைக்காரர் எனக்கு சும்மா குடுத்துட்டாரு."

அண்ணி சிரித்துவிட்டார். சட்டையை மடித்து வைத்து எழுந்தார். "நாளைக்குச் சாயங்காலம் இல்லத்துக்கு வாங்க. கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க."

"அதைத்தானே நான் வந்ததுலேருந்து சொல்றேன்?" என்றாள் ஜாக்கி.

மறுநாள் காலை அண்ணியும் நாத்தனாரும் முதியோர் இல்லத்துக்குப் போனபோது, செயலாளர் தரையில் மண்டியிட்டு ஒரு கட்டிலின் காலுக்கு நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைக் காலர் நைந்திருந்தது. கட்டிலில் படுத்திருந்த பெரியவர், "ஆடாம இருக்கா பாருங்க, நான் ஆடறேனா கட்டில் ஆடுதான்னே தெரியல" என்றார். செயலாளர் கட்டிலை அசைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஆடினா அது நீங்கதான் ஐயா" என்று சொல்லிப் போர்வையை அவர் கால்மேல் இழுத்துவிட்டார். பிறகுதான் வந்தவர்களைக் கவனித்தார். சிரிப்பு மறைந்தது.

அவருடைய அலுவலக அறையில் எதுவும் வீணாகவில்லை. பழைய உறைகளைப் பிரித்து, திருப்பி மடித்து மறுபடி உறையாக்கியிருந்தார். பல் துலக்கும் பிரஷ் ஒன்று தட்டச்சு இயந்திரத்தைச் சுத்தம் செய்யக் காத்திருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி மேசைமீது நான்கு காகிதக் கட்டுகள். ஒவ்வொன்றின்மீதும், செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டிய, உள்ளங்கை அளவுக் கனம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

நாத்தனார் செயலாளரின் செருப்பில் சேறு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை.

"அந்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்களே மேடம்" என்றார் செயலாளர். மேசை அறையிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார். "காப்பீட்டுக்காரங்க கழட்டினது."

அண்ணி உள்ளே பார்த்தார். இரண்டு பேடுகள். இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்க வேண்டிய உராயும் பகுதி, காய்ந்த புண்ணின் பக்குப் போல உரிந்து தனியாகக் கிடந்தது. தகட்டின் முதுகில் கார் கம்பெனியின் முத்திரை அச்சாகியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினார். முத்திரை உதிர்ந்தது.

"ஒரிஜினல்னா இது குத்தியிருக்கணும். இது வெறும் மை" என்றார்.

"பாருங்களேன். என்னமா ஏமாத்துறானுங்க" என்ற செயலாளரின் குரல் தழைந்தது. "பெட்டியப் பாத்தா அச்சு அசல் ஒரிஜினல்தான். பளபளன்னு ஸ்டிக்கர் வேற. யாரு கண்டுபிடிக்க முடியும் சொல்லுங்க?"

"முடியாதுதான்" என்றார் அண்ணி மெதுவாக. "வண்டியைப் பாக்கலாமா?"

வேன் பின்கட்டில் நின்றது. ஓட்டுநர் பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. அண்ணி அதைத் தொடுவதற்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். எந்த விபத்து வண்டியையும் அவர் பிரார்த்தனை இல்லாமல் தொட்டதில்லை. உள்ளே இருந்தவர்களுக்காகவும், வெளியே இருந்து காரணமானவருக்காகவும் சேர்த்தேதான் வேண்டிக்கொள்வார். இரண்டாவது வேண்டுதல் நாத்தனாருக்கு எப்போதும் பிடிக்காது.

பிறகு சக்கரங்களைச் சுற்றி வந்தார். முன்னால் ஓட்டுநர் பக்கச் சக்கரத்தைக் காப்பீட்டுக்காரர்கள் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். பின் சக்கரங்கள் இரண்டிலும் நட்டுகளிலிருந்து மஞ்சள் கோடுகள் பூவிதழ்போல நேராக விரிந்திருந்தன. மிச்சமிருந்த முன் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"இங்க வந்து பாரு."

நாத்தனார் குனிந்தாள். நட்டுகள் மேலும் மஞ்சள் இருந்தது, சக்கரத்தின்மேலும் இருந்தது. ஆனால் ஒரு கோடுகூட மற்றொன்றோடு சேரவில்லை. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்.

"லூஸாயிடுச்சா?"

"அசைச்சுப் பாரு."

நாத்தனார் முழு பலத்தையும் போட்டாள். அசையவில்லை. "இரும்பு மாதிரி இருக்கு."

"இரும்புதானேம்மா. சரி, கழட்டு."

அந்தச் சக்கரத்துக்குள்ளும் அதே மை முத்திரை பேடுகள்தான் இருந்தன. அண்ணி பார்த்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நாத்தனார் பேசிக்கொண்டே வந்தாள். "சாமான் கடைக்காரன்தான் அண்ணி. பச்சைப் பெட்டிக்குள்ள போலியை வச்சு வித்திருக்கான்."

"தகட்டு முதுகைப் பாத்துத்தான் அந்தம்மா டிரைவர்கிட்ட காட்டியிருக்காங்க."

"அப்ப டிரைவர். நல்லதைக் கழட்டி வித்துட்டு, போலியை மாட்டியிருக்காரு."

"போலின்னு தெரிஞ்சவரு அதை ஆஸ்பத்திரி இறக்கத்துல ஓட்டுவாரா? ஓட்டினாலும் தன் காலைக் குடுத்து மத்தவங்களைக் காப்பாத்துவாரா?"

நாத்தனார் அடுத்து யார்மேல் சந்தேகப்படலாம் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

ஓட்டுநர் மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். மனைவி அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "அவரையே கேளுங்க. வண்டிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாரு, எனக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்றார்.

"உனக்கு என்னடி, நல்லாத்தானே இருக்க?" என்ற ஓட்டுநர், அண்ணியின் பக்கம் திரும்பினார். "ஜாக்கி மேல தப்பில்லைங்க. பெட்டியைக் காட்டிச் சொல்லித்தான் போட்டுச்சு. பிரேக் நச்சுன்னு பிடிச்சுது."

"செயலாளர்கிட்ட சொன்னீங்களா?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். சார், ஒரிஜினல் கிடைக்கல, டூப்ளிகேட்தான் போட்டிருக்குன்னேன். மனுஷன் முகமே செத்துப் போச்சு. பெரியவங்க போற வண்டியாச்சேப்பான்னாரு."

"அதுக்கப்புறம் பஞ்சர் ஏதாவது?"

"இல்லைங்க. சக்கரத்துல கையே வைக்கல."

"வண்டி எப்பவும் உங்ககிட்டதான் இருந்துச்சா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல. அவரே லீவு குடுத்தாரு. வண்டிய விட்டுட்டு வீட்டுக்குப் போய் பிள்ளைங்களோட இருன்னாரு. நல்ல மனுஷங்க. இப்பவும் தினம் வந்து பாக்கறாரு. தலைமாட்டுல உட்கார்ந்து ஒண்ணும் பேசாம என் மூஞ்சியையே பாத்துட்டுப் போறாரு." அவர் யோசித்தார். "திங்கக்கிழமைலேருந்து பிரேக்ல ஒரு கீச்சுச் சத்தம். புது பேடுதானே, பழகட்டும்னு விட்டுட்டேன்."

ஆரஞ்சுச் சுளையைக் கணவர் வாயில் வைக்கப்போன மனைவியின் கை அப்படியே நின்றது. அண்ணி அந்தக் கையைத் தொட்டு, "தப்பு இவரு மேலயும் இல்லம்மா" என்றார்.

சாயங்காலம் அலுவலக அறையில் குழுத் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மூப்பும் செல்வமும் உள்ளவர், சத்தம் பிடிக்காதவர். செயலாளர் மேசைக்குப் பின்னால். ஜாக்கி நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தாள். கையெழுத்துக்கான காகிதம், பேனாவோடு காத்திருந்தது.

"பெரிசு பண்ண வேண்டாம்மா. போட்டுடு, முடிச்சுடலாம்" என்றார் தலைவர்.

"மாட்டேங்க" என்றாள் ஜாக்கி.

"நீதானே டூப்ளிகேட்னு ஒத்துக்கிட்ட?"

"இப்பவும் ஒத்துக்கறேன். கையெழுத்து மாட்டேன்."

தலைவர் அண்ணியைப் பார்த்தார். "இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா மேடம்?"

"இருக்கு" என்றார் அண்ணி. "அவங்க சொன்ன சொல் ஒண்ணு. நீங்க கேட்ட சொல் வேற. ரெண்டுக்கும் ஒரே உச்சரிப்பு."

அவர் தன் கைப்பையிலிருந்து ஒரு பச்சைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். வரும் வழியில் சாமான் கடையில் வாங்கியது. உள்ளேயிருந்த பேடைத் திருப்பிக் காட்டினார். "இதைப் பட்டறையில டூப்ளிகேட்னு சொல்றாங்க. ஏன்னா கார் செஞ்ச கம்பெனி இதைச் செய்யல. ஆனா இதுல யாரு பேரு இருக்கு? செஞ்சவன் பேரே இருக்கு. இது வேற வீட்டுப் பிள்ளை. அப்பன் பேரை மறைக்கல. சக்கரத்துக்குள்ள கிடைச்சது அப்படி இல்ல. அதுல கார் கம்பெனி முத்திரை இருக்கு, நகம் பட்டா உதிருது. அடுத்த வீட்டு அப்பன் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தது. அதையும் நாம டூப்ளிகேட்னுதான் சொல்றோம். ஒரே சொல்லுக்குள்ள நல்லவனையும் திருடனையும் சேர்த்துப் பூட்டிட்டோம்."

"அட" என்றாள் ஜாக்கி. "முத்திரையா போட்டிருந்துச்சு? அதை யாரும் சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே பிடிச்சிருப்பீங்க. இப்ப யோசிங்க ஐயா. ஒரிஜினல் இல்லைன்னு வாய்விட்டுச் சொல்லிப் பேடு போடறவங்களுக்கு, ஒரிஜினல் வேஷம் போட்ட சாமான் எதுக்கு? வேஷம் யாருக்குத் தேவை? ஒரிஜினல்தான் வேணும்னு தேடிப் போனவருக்குத்தான் அதை விப்பாங்க."

தலைவரின் புருவம் சுருங்கியது.

"அடுத்தது மஞ்சக் கோடு. காப்பீட்டுக்காரங்க திறந்தது ஒரு சக்கரம். அவங்க தொடாத முன் சக்கரத்துலயும் கோடு உடைஞ்சிருக்கு. நட்டு லூஸாகல, யாரோ கழட்டி நல்லா முறுக்கியிருக்காங்க. ஜாக்கி திறந்திருந்தா புதுக் கோடு இழுத்திருப்பாங்க. பஞ்சரும் ஆகல. ஓட்டுநர் இல்லாம வண்டி இங்க நின்னது ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு நட்டு முறுக்கத் தெரிஞ்ச ஒருத்தர் இங்க இருந்தாரு."

மின்விசிறி காகித ஓரங்களைப் படபடக்க வைத்தது.

"கடைசியா ஒரு பேச்சு. பெட்டியப் பாத்தா அச்சு அசல் ஒரிஜினல்னு இன்னைக்குக் காலையில இந்த ரூம்லதான் கேட்டேன். ஜாக்கி கொண்டுவந்தது பச்சைப் பெட்டி. அதுல கார் கம்பெனி பேரே கிடையாது. அப்படின்னா பளபள ஸ்டிக்கர் ஒட்டின பெட்டியைப் பாத்தது யாரு?" அண்ணியின் குரல் உயரவே இல்லை. "சார், அந்தக் காகிதத்து மேல இருக்கிற கனத்துல ஒண்ணைப் பிரிச்சுக் காட்டறீங்களா?"

செயலாளர் எழுந்திருக்கவில்லை. விரல்கள் நூலின் முடிச்சைத் தேடின. செய்தித்தாள் விலகியபோது, உள்ளே தேயாத ஒரு பிரேக் பேடு இருந்தது. முதுகில் பச்சைப் பெட்டியில் உள்ள அதே பெயர்.

"நாலு கட்டு, நாலு கனம்" என்றாள் நாத்தனார் மெல்ல. "முன் சக்கரம் ரெண்டுக்கும் நாலு பேடு. நான் செருப்பைப் பாத்துக்கிட்டு இருந்தேனே அண்ணி."

"புதுசு மேடம்" என்றார் செயலாளர். அழுகிறவரின் குரல் இல்லை, களைத்தவரின் குரல். "தூக்கிப் போட மனசு வரல. டூப்ளிகேட்னு டிரைவர் சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. பெத்த பிள்ளைங்க விட்டுட்டுப் போனவங்க, இவங்களுக்குப் போய் டூப்ளிகேட்டா? சந்தையில ஒருத்தன் ஒரிஜினல்னு பெட்டியோட குடுத்தான். சின்ன வயசுல அண்ணன் பட்டறையில நின்னிருக்கேன். நானே மாத்தினேன். அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேன்."

"அது தப்பில்லை. ஏமாந்தீங்க" என்றார் அண்ணி. "தப்பு அதுக்கப்புறம்."

"ஆமா. வண்டி இடிச்சதும் புரிஞ்சுடுச்சு. சொன்னா என்னை இங்கேருந்து அனுப்பிடுவாங்க, இவங்களை யாரு பாப்பாங்கன்னு..." அவர் ஜாக்கியைப் பார்க்க முயன்றார். "கேட்டதும் அந்த அம்மாவே டூப்ளிகேட்தான்னு சொன்னாங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். "சரி. நல்ல எண்ணத்துல செஞ்சதுதான். வெளிய தெரிஞ்சா இல்லத்துக்குக் கெட்ட பேரு. ரெண்டு பக்கமும் விட்டுக் குடுத்து மறந்துடுவோம்."

"ரெண்டு பக்கமா?" என்றாள் ஜாக்கி. "என் பக்கம் என்ன இருக்கு விட்டுக்குடுக்க? பட்டறையில நின்ன வண்டியெல்லாம் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. என்னை இங்க எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுத்தானே கேட்டீங்க? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இந்த ரூமுக்குள்ள சொன்னா எனக்குக் காது கேக்காது."

"கொஞ்சம் பொறுமையா..."

"பொறுமையாத்தாங்க கேக்கறேன். சொல்ற வரைக்கும் போக மாட்டேன்." அவ்வளவு நேரம் நின்றவள், அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

தலைவர் அண்ணியின் பக்கம் உதவிக்குத் திரும்பினார். அண்ணி கைப்பையை மடியில் வைத்து, தானும் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாத்தனாருக்கு நாற்காலி இல்லை. அவள் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

முதலில் எழுந்தவர் செயலாளர்தான். "சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம். எல்லாரும் கூடத்துல இருப்பாங்க" என்றார். "வாங்கம்மா."

கூடத்தில் அவர் எதையும் மழுப்பவில்லை. தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். முடித்ததும், ஆடும் கட்டிலுக்குச் சொந்தக்காரரான பெரியவர், "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். மன்னிப்பு சில இடங்களில் இப்படித்தான் வாய் திறக்கிறது. ஜாக்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் செயலாளர், அண்ணியோடு காவல் நிலையத்துக்குப் போய், தான் செய்ததையும் சந்தைக்கடையின் அடையாளத்தையும் சொன்னார். அந்தப் பளபளப்புப் பெட்டிகள் இன்னும் யார் யார் வண்டியில் ஏறியிருக்கின்றனவோ என்ற எண்ணம் அவரை முன்னால் நடக்க வைத்தது. குழு அவரை நீக்கவில்லை. நீக்கினால் நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று கூடம் சொல்லிவிட்டது. ஆனால் ஓட்டுநர் நடக்கும்வரை அவருடைய வேலைகளையும் செயலாளரே செய்ய வேண்டும் என்றும் அதே கூடம்தான் சொன்னது.

வேனின் உடம்பு சரியாகிப் பட்டறைக்கு வந்தபோது, ஜாக்கி அதைத் தூக்கி நிறுத்தினாள். கையை நீட்டினாள். செயலாளர் ஒரு பையைக் கொடுத்தார். நான்கு பேடுகள், செய்தித்தாள் நீக்கி, தூசு துடைத்து.

"இது நல்ல சாமான்" என்றாள் ஜாக்கி, பேடின் முதுகை அவர் கண்ணுக்கு நேராகத் திருப்பி. "கார் கம்பெனி செஞ்சதில்ல. டூப்ளிகேட்தான். சொல்லித்தான் போடறேன். போடவா?"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படியாகத்தான் கேட்டாள்.

"போடுங்கம்மா" என்றார் செயலாளர், அவரும் தெருவுக்குக் கேட்கும்படி.

நட்டுகளை முறுக்கி முடித்ததும் அவள் மஞ்சள் பூச்சை எடுத்துக் கோடு இழுத்தாள். சோதனை ஓட்டத்துக்கு நாத்தனார் சாவியை வாங்கிக்கொண்டாள். எங்கே போகலாம் என்று அவள் கேட்பதற்குள், செயலாளர் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"ஆஸ்பத்திரி இறக்கத்துக்கே போங்க" என்றார்.